கமலா கூட்டிக்கொண்டு போவாள்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் போனால் புண்ணியம் கிடைக்கும். மற்ற நாட்களில் போனால் நடக்க இடம் கிடைக்கும். நான் இரண்டாவது கட்சி. அதனால்தான் தேய்பிறையில் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து, விடியற்காலை நாலு மணிக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். கூட என் ஆபீஸ் நண்பர்.

நண்பருக்குக் கண் தெரியாது. பிறவியில் இல்லை. விழித்திரையில் ஏதோ கோளாறு. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இருபத்தாறாவது வயதில் ஒரு நாள் முழுசாகக் கடையைச் சாத்திவிட்டது. முன்பு டெலிபோன் போர்டில் இருந்தார். இப்போது கம்ப்யூட்டர். திரையில் இருப்பதை அது வாசித்துச் சொல்ல, இவர் காதில் வாங்கிக்கொண்டு டைப் அடிப்பார். அது வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஏலம் விடுகிற மாதிரி இருக்கும்.

இவர்தான் ஒரு நாள் காண்டீனில் கேட்டார். "சார், அடுத்த தடவை அண்ணாமலையார் கோயிலுக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்த மலையைச் சுத்திப் பார்க்கணும்."

'பார்க்கணும்' என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொல்லுவார். "நேத்து மேட்ச் பார்த்தீங்களா?" என்பார். கேட்கிற நமக்குத்தான் தொண்டையில் எதுவோ மாட்டிக்கொள்ளும்.

நான் தயங்கியது உண்மை. பதினாலு கிலோமீட்டர். வீட்டில் சொன்னதும், "நீங்க தெருமுனை கடைக்குப் போனாலே வழி கேட்டுட்டுப் போறவர். நீங்க இன்னொருத்தருக்கு வழி காட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி. வாஸ்தவமான பேச்சுக்கு நான் பதில் சொல்வதில்லை.

*

முதல் இருநூறு கஜத்திலேயே அவள் சொன்னது நிரூபணமானது.

நான் நண்பரின் புஜத்தை இறுகப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். சந்தைக்குத் தள்ளுவண்டி தள்ளுகிற மாதிரி. இந்திர லிங்கம் வருவதற்குள் நண்பர் நின்றுவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க என்னைப் புடிக்காதீங்க. நான் உங்களைப் புடிச்சுக்கறேன்."

என் முழங்கைக்குச் சற்று மேலே லேசாகத் தொட்டுக்கொண்டார். அரை அடி பின்னால் வந்தார். அவ்வளவுதான் வித்தை. நான் திரும்பினால் என் கை திரும்பும், அவருக்குத் தெரியும். நான் படி ஏறினால் கை உயரும், தெரியும். நான் தயங்கினால் அதுவும் தெரியும். முப்பது வருஷமாக ரோட்டில் நிற்கிற பார்வையில்லாதவர்களை எல்லாம் நான் கதறக் கதறப் பிடித்து இழுத்துப் போய் எதிர்ப்பக்கம் சேர்த்திருக்கிறேன். அதில் எத்தனை பேர் ரோட்டைத் தாண்ட வந்தவர்கள், எத்தனை பேர் சும்மா பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இன்னொரு பாடம். "படி, படி!" என்று நான் கத்தினபோது அவர் ஏற்கெனவே கால் பெருவிரலை இடித்துக்கொண்டு விட்டார்.

"முன்னாடி சொல்லுங்க சார். பின்னாடி சொன்னா அது நியூஸ்."

*

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. டீயும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும். கிளம்பி ஐம்பது அடி போனதும் நண்பர், "நாய் ஒண்ணு வருது பாருங்க, இடது பக்கம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம். செம்மண் நிறத்தில், ஒரு காது கிழிந்த தெருநாய். தார் ரோட்டில் நகம் படுகிற டிக் டிக் சத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு கண்ணும் உள்ள நான் அதுவரை கவனிக்கவில்லை. நண்பர் கையிலிருந்த பாதி பிஸ்கட்டைக் கீழே நீட்டினார். அது வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய், வாலைத் தூக்கிக்கொண்டு, பின்னால் நாங்கள் வருகிறோமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தது. செக்‌ஷனை மேற்பார்வையிடுகிற தோரணை. "சூப்பிரண்டெண்ட்" என்று பெயர் வைத்தோம்.

ஆசிரம வாசலைத் தாண்டும்போது எனக்குக் கமலாவின் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

ரமண மகரிஷி 1896-இல் பதினாறு வயதுப் பையனாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர். மலை மேல் விருபாட்ச குகையில் பல வருஷம். பிறகு 1916-லிருந்து 1922 வரை இன்னும் கொஞ்சம் உயரத்தில் ஸ்கந்தாசிரமம். அங்கே ஒரு பெண் நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. விட்டால் வருஷா வருஷம் குட்டி போட்டு ஆசிரமத்தை நிரப்பிவிடும் என்று பக்தர்கள் விரட்டிப் பார்த்தார்கள். போகவில்லை. அதுதான் கமலா. பயந்தது போலவே பிற்பாடு பெரிய சம்சாரியானாள். முதல் பிரசவத்துக்கு அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, ஆசிரமத்திலேயே ஓர் இடம் ஒதுக்கிப் பத்து நாள் குட்டிகளோடு வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் புண்ணியாகவாசனம் மாதிரி சாப்பாடெல்லாம் போட்டுக் கொண்டாடியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் வந்ததாகத் தகவல் இல்லை.

இது பெரிதல்ல. கமலாவுக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. ஊருக்குப் புதிதாக யாராவது வந்தால், இவரைக் கூட்டிக்கொண்டு போய் மலையைச் சுற்றிக் காட்டு என்று ரமணர் கமலாவிடம் சொல்வார். அவள் முன்னால் போவாள். மலையைச் சுற்றியிருக்கிற ஒவ்வொரு சந்நிதி, ஒவ்வொரு குளம், ஒவ்வொரு சிலையாக வந்தவரைக் கூட்டிப் போய் நிறுத்திக் காட்டிவிட்டுத் திரும்ப அழைத்து வருவாள். ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதிய ரமணர் வரலாற்றில் இது இருக்கிறது.

ரமணர் எந்த மிருகத்தையும் 'அது' என்று சொன்னதில்லையாம். அவன், அவள்தான். பசங்களுக்குச் சாப்பாடு ஆச்சா என்று விசாரித்தால் ஆசிரமத்து நாய்களைக் கேட்கிறார் என்று அர்த்தம். பந்தியிலும் அப்படித்தான் வரிசை. முதலில் நாய்கள், அப்புறம் வாசலில் வந்து நிற்கிற ஏழைகள், கடைசியாகப் பக்தர்கள். (நம் ஆபீஸ் டிபார்ட்மெண்ட் விருந்துகளில் இந்த வரிசையை அமல்படுத்திப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.) ஆசிரமத்துக்குள் இன்றைக்கும் லக்ஷ்மி என்கிற பசுவுக்கும், வள்ளி என்கிற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்கிற நாய்க்கும் சமாதி இருக்கிறது.

நண்பர் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எனக்கு ஒரு கமலா கிடைக்குமா சார்?"

*

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதினாலு வருஷமாக அவர் தனியாக நடந்த தூரமெல்லாம் வீடு, பஸ் ஸ்டாப், ஆபீஸ், மாடிப்படி. அதற்கு மேல் எங்கே போனாலும் இன்னொருத்தர் கை வேண்டும். இன்னொருத்தர் சௌகரியம் பார்த்துத்தான் கிளம்பவேண்டும். அவருக்கு டீ குடிக்கத் தோன்றுகிற நேரத்தில் கூட வருபவருக்கும் தோன்றவேண்டும். "கல்யாணம் ஆகாமலே கல்யாணம் ஆன மாதிரி" என்பார்.

ஊருக்குத் திரும்பி வந்து நான் விசாரித்ததையும் படித்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பார்வையற்றவர்களுக்கு நாயைப் பழக்கித் தருவதை ஒரு பள்ளிக்கூடமாக முதலில் ஆரம்பித்தவர்கள் ஜெர்மானியர்கள். முதல் உலக யுத்தம். விஷவாயுவிலும் குண்டிலும் கண் போன சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வருகிறார்கள். கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்கிற டாக்டர், ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கண் போன ஒருவரோடு நடந்துகொண்டிருக்கும்போது அவசரமாக அழைப்பு வந்து உள்ளே போனார். தன் நாயைத் துணைக்கு விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நாய் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் அவரை யோசிக்க வைத்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். 1916 ஆகஸ்டில் ஓல்டன்பர்க் ஊரில் பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. கணக்குப் பாருங்கள். அதே 1916-இல்தான் இங்கே ஸ்கந்தாசிரமம். உலகத்தின் இரண்டு கோடியில் நாய்கள் ஒரே சமயத்தில் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருக்கின்றன. கமலாவுக்கு மட்டும் டிரெயினிங் கிடையாது.

அமெரிக்காவில் மோரிஸ் ஃப்ராங்க் என்று ஒரு இளைஞன். நாஷ்வில் ஊர். ஆறு வயதில் குதிரை சவாரியின்போது மரக்கிளை பட்டு ஒரு கண், பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மற்றது. வழிகாட்ட ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தான். அந்தப் பையனுக்கு அலுத்துப்போனால் நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடுவான். 1927-இல் டாரதி யூஸ்டிஸ் என்கிற அம்மாள், ஜெர்மனியில் தான் பார்த்த வழிகாட்டி நாய்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுத, அதை அப்பா மகனுக்கு வாசித்துக் காட்டினார். பையன் உடனே அந்த அம்மாளுக்குக் கடிதம் போட்டான். அவர் ஸ்விட்சர்லாந்தில் நாய்கள் வளர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார். 1928-இல் கப்பலேறிப் போய் ஐந்து வாரம் பழகி, ஒரு அல்சேஷன் பெண் நாயோடு திரும்பினான்.

நாய்க்கு அங்கே வைத்திருந்த பெயர் 'கிஸ்'. நடுரோட்டில் நின்று கிஸ், கிஸ் என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்த அந்தப் பையன் முதல் காரியமாகப் பெயரை 'பட்டி' என்று மாற்றிவிட்டான். தமிழர்கள் அவசரப்படவேண்டாம். இங்கிலீஷில் அதற்குத் தோழன் என்று அர்த்தம். பெண் நாய்தான், இருந்தாலும் தோழன். நியூயார்க்கில் இறங்கினதும் பத்திரிகைக்காரர்கள், வண்டிகள் பறக்கிற ஒரு ரோட்டைக் காட்டி முடிந்தால் தாண்டு பார்க்கலாம் என்றார்கள். தாண்டினான். யூஸ்டிஸ் அம்மாளுக்குத் தந்தி: ஒரே வார்த்தை, 'வெற்றி'. 1929 ஜனவரியில் இருவரும் சேர்ந்து நாஷ்விலில் பள்ளி ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் அவர் வாழ்நாளில் வைத்திருந்த நாய்களுக்கெல்லாம் பட்டி என்றுதான் பெயர்.

*

நாய் எப்படி வழி காட்டுகிறது என்பதில் எனக்கு இருந்த அபிப்பிராயம் முழுக்கத் தப்பு. "ஆபீஸுக்குப் போ" என்றால் நாய் ஆபீஸுக்குக் கூட்டிப் போகும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வழி மனுஷனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். எத்தனையாவது திருப்பம், வலமா இடமா என்பது அவர் கணக்கு. நாய் இடது பக்கம், மார்பில் வார்ப்பட்டை, அதில் கெட்டியான ஒரு கைப்பிடி. அந்தப் பிடி வழியாக நாயின் தோள் அசைவு அவர் கைக்கு வந்துவிடும். என் முழங்கை செய்த அதே வேலை. நாயின் பொறுப்பு, போகிற பாதையில் பள்ளம், கம்பம், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் எதிலும் முட்டாமல் கொண்டுபோவது. படி வந்தால் நின்றுவிடும். முன்னாடியே.

சிக்னலில் சிவப்பு பச்சை பார்ப்பதும் நாயின் வேலை இல்லை. வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பக்கம் நின்றது என்று காதால் கேட்டு மனுஷன்தான் 'போ' என்று சொல்லவேண்டும். இங்கேதான் விசேஷம். அவர் போ என்று சொன்ன பிறகும், கார் வருவதைப் பார்த்தால் நாய் போகாது. இழுத்தாலும் போகாது. சொன்னதைக் கேட்க அதற்கு மாசக்கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு, எப்போது சொன்னதைக் கேட்கக்கூடாது என்றும் பயிற்சி கொடுக்கிறார்கள். இதை நம் ஆபீஸில் ஒரே ஒரு தடவை செய்து பாருங்கள். சாயந்திரத்துக்குள் மெமோ மேஜைக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைத்தது இன்னொன்று. நாயின் உயரம் இரண்டடி. மனுஷன் ஐந்தரையடி. தாழ்ந்து தொங்குகிற கிளை, லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, இதெல்லாம் நாய்க்கு இடைஞ்சலே இல்லை, அடியில் புகுந்து போய்க்கொண்டே இருக்கலாம். இருந்தும் அது நிற்கிறது, சுற்றிக்கொண்டு போகிறது. தன் தலைக்கு மேலே மூன்றரையடி தூரத்துக்கு இன்னொரு தலை இருக்கிறது என்று எந்நேரமும் ஞாபகம் வைத்துக்கொண்டு நடக்கிறது. வெள்ளைக் கம்பால் இது முடியாது. கம்பு தரையை மட்டும்தான் சொல்லும். டெல்லி ஐ.ஐ.டி.க்காரர்கள் அதற்காகத்தான் கம்பில் மாட்டுகிற கருவி ஒன்றைச் செய்து 2014-இல் வெளியிட்டார்கள். வௌவால் மாதிரி நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, முழங்காலுக்கு மேலே எதுவும் குறுக்கே வந்தால் கையில் அதிரும்.

சரி, நம் ஊரில் ஏன் இந்த நாய்கள் கண்ணில் படுவதே இல்லை? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஐம்பது லட்சம் பேர். அதில் வழிகாட்டி நாயோடு நடப்பவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம்.

செலவு ஒரு காரணம். குட்டியை ஒரு குடும்பம் ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்த்து மனுஷர்களோடு பழக்கித் தரவேண்டும். பிறகு பள்ளியில் பல மாதம். எல்லா நாயும் பாஸாவதில்லை. நாய் பாஸானாலும் எந்த நாய் எந்த மனுஷருக்கு என்று நடை, வேகம், சுபாவம் எல்லாம் பார்த்துச் சேர்க்கவேண்டும். கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம். வெளிநாட்டில் பெரும்பாலும் லாப்ரடார். அதைக் கொண்டுவந்து நம் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடத்தினால் அதன் பாதம் கொப்புளித்துவிடும். நம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்? அருமையான நாய்கள். ஆனால் சிப்பிப்பாறையின் பரம்பரைத் தொழில் முயல் பிடிப்பது. முயல் ஒன்று குறுக்கே ஓடினால் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் கதி என்ன?

அப்புறம் நம் பஸ், ஓட்டல், ஆஸ்பத்திரி. நாயோடு வருகிறவரை அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டப்படி கடைக்காரர் தடுக்க முடியாது. நம் ஊரில் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லப்போகிற வசனத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம். கோயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அண்ணாமலையார் கோயிலில் பிரம்ம தீர்த்தத்துப் பக்கம் காலபைரவர் இருக்கிறார். அவர் வாகனம் நாய். கல்லாக இருந்தால் உள்ளே அனுமதி உண்டு.

கடைசிக் காரணத்தை எங்கள் சூப்பிரண்டெண்டே நேரில் விளக்கினார்.

*

யம லிங்கம் வரை அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. பாதையில் படுத்திருந்த சாமியார்களைச் சுற்றிக்கொண்டு போனார். நாங்களும் பின்னாலேயே சுற்றிக்கொண்டு போனோம். நண்பருக்கு ஒரே சந்தோஷம். என் முழங்கையை விட்டுவிட்டு, கம்பைத் தட்டியபடி, அந்த நகச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நாற்பது ஐம்பது அடி தனியாக நடந்தார். "வலது பக்கம் மலை இருக்கு இல்ல சார்? காத்து அந்தப் பக்கம் மட்டும் வரல" என்றார்.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். இருட்டிலிருந்து நாலு நாய்கள். வேறு ஏரியா. பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தன. சூப்பிரண்டெண்ட் சட்டென்று எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் புகுந்துகொண்டார். வால் வயிற்றுக்குள் போய்விட்டது. நான் கல்லை எடுப்பதுபோல் குனிந்தேன். நண்பர் கம்பைத் தரையில் ஓங்கித் தட்டினார். கொஞ்சம் பின்வாங்கின. அந்த எல்லையிலிருந்து இன்னொரு எல்லை. அங்கே ஆறு.

விலை கொடுத்து வாங்கிப் பழக்கிய நாயானாலும் இந்தத் தெருக்களில் அதற்கு என்ன நேரும் என்று அங்கே புரிந்தது. சண்டை போடக்கூடாது, திருப்பிக் குரைக்கக்கூடாது என்று பழக்கிய நாய் அது. கையில் ஒரு மனுஷர் வேறு. இந்தத் தெருநாய் விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைத்துப்போடு என்று உத்தரவாகி, 22-ஆம் தேதியே கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்தில் விடு, வெறி உள்ளதையும் கடிக்கிறதையும் மட்டும் விடாதே என்று மாறியது. தேசத்தின் பெரிய நீதிபதிகளே பதினோரு நாளில் மாற்றிச் சொல்கிற விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், எதிரே வந்ததும் நாய், எங்கள் காலடியில் நடுங்கியதும் நாய்.

நிருதி லிங்கம் நெருங்கும்போது சூப்பிரண்டெண்ட் நின்றுவிட்டார். இரண்டு தரம் முன்னால் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திரும்பி வந்த வழியே ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"அவன் லிமிட் அவ்வளவுதான் போல" என்று நண்பர் என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ரமணர் சொன்ன மாதிரி அவரும் 'அவன்' என்றதை அப்புறம்தான் கவனித்தேன்.

கமலா பதினாலு கிலோமீட்டரும் போனவள் என்பதை அப்போது நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

விடிந்துகொண்டு வந்தது. எங்கேயோ மயில் கத்தியது. ஒரு சுக்கு காபிக் கடையில் உட்கார்ந்தோம். நாய்க்கு உழைக்கிற காலம் எட்டு, பத்து வருஷம்தான், அதற்கப்புறம் ரிட்டயராகிவிடும், வேறு நாய் வாங்கவேண்டும் என்று எங்கேயோ எப்போதோ படித்ததைச் சொல்லிவைத்தேன். சும்மா பேச்சுக்குத்தான்.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எனக்குக் கண்ணு போகணுமா? ஒரு தடவை போனதே போதும் சார்."

நான் காபியைக் குடித்தேன். சூடாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இருந்தாலும் அந்தப் பத்து வருஷம் இருக்கும் இல்ல?" என்றார்.

*

குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இடுக்குப் பிள்ளையார். குட்டியூண்டு கல் மண்டபம். ஒரு பக்கம் நுழைந்து, உடம்பை ஒருக்களித்து, தவழ்ந்து, இடுக்கு வழியாக அந்தப் பக்கம் வரவேண்டும். எனக்கு முன்னால் போன ஆசாமி பாதியில் மாட்டிக்கொண்டு, "கையை எங்கே வைக்கறது? ஒண்ணும் தெரியலையே!" என்று உள்ளேயிருந்து அலறினார். அடுத்து நான். என் தொப்பை பற்றி விவரிக்க விருப்பமில்லை. வெளியே இரண்டு பேர் இழுத்தார்கள்.

நண்பர் கம்பை என்னிடம் கொடுத்தார். வாசல் கல்லைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். உள்ளே போனார். நான் அந்தப் பக்கம் போய் நிற்பதற்குள் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள எல்லாரும் நம்ம ஆளுங்க ஆயிடறாங்க சார்" என்றார்.

ஈசான்ய லிங்கம் தாண்டியதும் என்னை நிறுத்தினார். "இனிமே ஒரு அரை கிலோமீட்டர் நான் தனியா போறேன். நீங்க இருபது அடி பின்னாடி வாங்க. பக்கத்துல வராதீங்க. லாரி வந்தா மட்டும் கத்துங்க."

இருபது அடி என்பது எவ்வளவு தூரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பு இடது, வலது, இடது. தட்டுக்கூடையை இடித்தார், பூக்காரம்மா தானாகவே நகர்த்திக்கொண்டாள். வெறுங்காலால் மண், சிமெண்ட், தார் என்று பிரித்துப் பிரித்துக் கால் வைத்தார். சத்தமே இல்லாமல் பாட்டரி ஸ்கூட்டர் ஒன்று உரசுகிற மாதிரி போனது. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் போய்விட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. அல்லது தெரிந்திருக்கும்.

எதிரே பாதைக்கு நட்ட நடுவில் ஒரு கறுப்பு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கம்பு நெருங்குகிறது. பத்து அடி. ஐந்து அடி. கத்தலாமா? லாரி இல்லையே! நாய் ஒரு கண்ணைத் திறந்தது. கம்பைப் பார்த்தது, ஆளைப் பார்த்தது. எழுந்து, சோம்பல் முறித்து, ஓர் ஓரமாகப் போய் மறுபடி படுத்துக்கொண்டது. பின்னால் வந்த எனக்கு மட்டும் 'உர்ர்' என்றது.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு. செஞ்சி தாண்டுகிற வரை தூங்கினார். கண் விழித்ததும், "அடுத்த மாசம் ரெண்டாம் சனிக்கிழமை மறுபடி போகலாம்னு இருக்கேன்" என்றார்.

"போகலாமே. நான் லீவு..."

"நீங்க வர வேணாம் சார். பஸ் ஏத்தி விடுங்க, போதும். அந்த டீக்கடைக்கு ஆட்டோக்காரர் கிட்ட சொன்னா விட்டுடுவார். நிருதி லிங்கம் வரைக்கும் துணை இருக்கு. அதுக்கு மேல கம்பு இருக்கு, ஜனங்க இருக்காங்க, பாத்துக்கலாம்."

நான் எதுவும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. போ என்று சொன்ன பிறகும் போகாத நாய்க்குக் காரணம் இருந்தது, அது காரைப் பார்த்தது. நான் எதைப் பார்த்தேன்?

"ஒரே ஒரு ஹெல்ப் பண்ணுங்க" என்றார். "டீக்கடையில ரெண்டு ரெண்டா வாங்கினா கட்டுப்படி ஆகாது."

முந்தாநாள் மளிகைக் கடையில் பார்லே-ஜி பெரிய பாக்கெட்டாக நாலு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று வீட்டிலேயே காலி. யார் என்று விசாரணை நடக்கிறது.